பூஜை கலையாத கைகள்

மயில்சாமி கிரைண்டரை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் கிரைண்டர் அவனை விட்டு இறங்காமல் கூடவே வந்துவிட்ட அந்த மார்கழிச் சாயங்காலம், துளசிமணி வழக்கம்போல் டீயை ஆற்றிக் கொடுத்தாள், அவன் வழக்கம்போல் குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தான். வைத்த டம்ளர் வைத்த இடத்தில் நிற்காமல் கிர்ரென்று நடுங்கியபடி நகர்ந்து, வாசற்படியை எட்டி, படியிறங்கி, சந்தின் குறுக்கே உருண்டு, எதிர்வீட்டு ராசாமணியின் காலடியில் போய் விழுந்தது, விழுந்த பிறகும் நடுங்கிக்கொண்டே இருந்தது. ராசாமணி கைக்குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு டம்ளரை எடுத்து வந்து, "அக்கா, உங்க டம்ளரு எங்கூட்டுக்கு வந்துருச்சு" என்று கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை, அந்தச் சந்தில் எல்லோருக்கும் அடுப்பில் ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும்.

கோயமுத்தூரில் பவுண்டரிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற பக்கத்தில் இருந்தது அந்தச் சந்து. தண்டபாணி முதலாளியின் பவுண்டரியில் இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊற்றித் தண்ணீர் பம்புகளுக்கு உடம்பு செய்தார்கள், அச்சிலிருந்து வெளியே வரும்போது அந்த உடம்புகளின் ஓரமெல்லாம் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும், அந்தப் பிசிறைக் கை கிரைண்டரால் அறுத்து வழவழப்பாக்குவது மயில்சாமியின் வேலை. அவன் பிடித்தால் பிடித்ததுதான். மற்றவர்கள் டீக்குப் போவார்கள், பீடிக்குப் போவார்கள், ஒன்றுக்குப் போகிறேன் என்று போய் வேப்பமரத்தடியில் நின்று கதை பேசுவார்கள். இவன் காலையில் கையில் எடுத்த மெஷினைச் சோற்று நேரம் தவிர சாயங்காலச் சங்குக்குத்தான் கீழே வைப்பான், ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் போவான், போதாததற்கு மெஷினின் கழுத்தை நெரிப்பதுபோல இறுக்கிப் பிடிப்பான், ஏனென்றால் இறுக்கிப் பிடித்தால்தான் மெஷின் அடங்கும் என்பது அந்தப் பட்டறையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து வந்த பாடம். மெஷினா அடங்கும்? அடங்குவதுபோல் பாசாங்கு செய்துவிட்டுத் தன் ஆட்டத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அவன் கைக்குள் இறக்கி வைத்தது. கையும் எத்தனை வருஷத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ளும், மார்கழியில் ஒரு நாள் நிறைந்துவிட்டது, நிறைந்தால் வழியத்தானே செய்யும்.

அன்றிலிருந்து அவன் கை பட்டதெல்லாம் நடுங்கிற்று. கடைசியாக வேலைக்குப் போன நாளில் அவன் எத்தனை நேரம் மெஷினைப் பிடித்திருந்தானோ அத்தனை நேரம் நடுங்கிற்று. கதவைத் தொட்டால் கதவு, செருப்பைத் தொட்டால் செருப்பு, பல் துலக்கினால் வாயிலிருக்கிற பல்லெல்லாம். தொட்டதைத் தொட்டவர்களுக்கு ஒட்டவில்லை, அந்த மட்டில் அது நியாயம் தெரிந்த நடுக்கம். ஆனால் முதல் நாள் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அவன் பாட்டுக்குத் துளசிமணியின் தோளில் கை வைத்துவிட்டான். கல்யாணமாகி மூன்றாவது வருஷம், வைக்காமல் எப்படி இருப்பான். அவள் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை நடுங்க ஆரம்பித்தாள், கண்ணாடி வளையல்கள் நடுங்கின, கால் கொலுசு நடுங்கிற்று, மூக்குத்திகூட நடுங்கிற்று, பால்காரர் மணியடித்துக்கொண்டு வரும்வரை அந்த வளையல் சத்தம் ஓயவில்லை. மறுநாள் குழாயடியில் பெண்கள் அவளைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். "ஏனம்மிணி, வளையலு ஒண்ணாவது மிச்சமிருக்குதா?" என்று கேட்டார்கள். அவளும் சிரித்து வைத்தாள், ஆனால் காய்ச்சல் கண்டவள்போல் அவள் பல் கிட்டித்து நடுங்கியதை மயில்சாமி விடியவிடிய பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பழகிக்கொண்டான்.

சந்து நடுக்கத்துக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. பழகியது மட்டுமில்லை, இதுநாள்வரை இந்த நடுக்கம் இல்லாமல் எப்படிக் குடும்பம் நடத்தினோம் என்று யோசிக்கிற அளவுக்குப் போய்விட்டது. பவுண்டரியிலிருந்து அவன் வருகிற வழியில் ராசாமணி தொட்டில் கயிற்றை நீட்டுவாள், ஒரு தொடு தொட்டுவிட்டுப் போனால் தொட்டில் தானே ஆடும், குழந்தை தூங்கும், அவள் இரண்டு ஜாக்கெட் தைத்து முடிப்பாள். மாவு சலிக்க வேண்டியவர்கள் சல்லடையை நீட்டினார்கள், ரேஷன் அரிசியில் கல் பொறுக்க வேண்டியவர்கள் முறத்தை நீட்டினார்கள், மோர் கடைய வேண்டியவர்கள் மத்தை நீட்டினார்கள், மாடி எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் கான்கிரீட் பலகையைக் காட்டி "சித்தெ கை வெச்சுட்டுப் போப்பா, கலவை நல்லா எறங்கட்டும்" என்றார். முருங்கை மரத்தை அவன் தொட்டால் கம்பளிப்பூச்சியெல்லாம் உதிர்ந்தது. மாரியம்மன் கோயில் பூசாரி அந்தி பூஜைக்கு முன்னால் அவனைக் கூப்பிட்டு மணியின் நாக்கைத் தொடச் சொல்லிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார், மணி பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. கரண்ட் போன நாட்களில் அவனுக்கு இருந்த மரியாதை கவுன்சிலருக்குக்கூட இருந்ததில்லை. மயில்சாமிக்கும் அதில் ஒரு பெருமை இல்லாமலில்லை, பெருமைப்பட்டால் விரல் மரத்துப்போனது கொஞ்ச நேரம் மறந்திருக்கும்.

மற்றவர்களுக்கு அவன் கையால் ஆன காரியம் இத்தனை இருக்க, துளசிமணிக்கு ஆகவேண்டியது ஒன்றே ஒன்றுதான், அது மட்டும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவன் பஸ் ஸ்டாப்பில் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வருவான். இலையில் சுற்றித்தான் வாங்குவான், இலையும் நடுங்கும், பூவும் நடுங்கும், சந்து முனையிலிருந்து ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்து வீட்டு வாசலுக்கு வரும்போது கையில் வெறும் வாழைநார்தான் மிஞ்சியிருக்கும். பின்னாலேயே சந்துப் பெண்குழந்தைகள் பாவாடையை ஏந்திக்கொண்டு பொறுக்கியபடி வரும். அவன் நாரை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வான். துளசிமணி அந்த நாரை வாங்கி, பூ வைத்துக்கொள்வதுபோலவே கண்ணாடி பார்த்துத் தலையில் வைத்துக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாலும் அதைப்பற்றி அவளுக்குக் கவலையில்லை. அவளுக்கு ஏக்கம் பூவின்மேல் இல்லை. சோறு போடும்போது தட்டுக்கு அந்தப் பக்கம் அவன் கையும் இந்தப் பக்கம் தன் கையும் இருப்பதைப் பார்ப்பாள், நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கும், அந்த ஒரு சாணைத் தாண்டிப்போக முடியாமல் உள்ளுக்குள் அழுவாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு புருஷனை நினைத்து ஏங்குகிறவளை யாரிடம் போய்ச் சொல்லிக்கொள்ளச் சொல்வது?

ஆடிக் காற்று ஆரம்பித்த பிறகு அவன் விரல்கள் வெளுத்தன. காலையில் குளிர்ந்த காற்று பட்டால் போதும், நடுவிரலும் மோதிரவிரலும் சுண்ணாம்பு பூசியதுபோல் ரத்தமே இல்லாமல் வெளுத்துவிடும், பிறகு நீலமாகும், பிறகு சிவந்து எரியும். சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, தோல் பொசுங்கின நாற்றம் வந்தபிறகு என்ன நாற்றம் என்று கேட்டான். அன்றைக்குத் துளசிமணி அவனை இழுத்துக்கொண்டு போகாத குறையாக நிர்மலா டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டரம்மா அவன் விரலில் குண்டூசியால் குத்திக் குத்தி, "தெரியுதா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே போனார். அவன் மேஜைமேல் கையை வைத்துவிட்டதால் மேஜையிலிருந்த மாத்திரை டப்பாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே குதித்துக்கொண்டிருந்தன, டாக்டரம்மா அதைப் பொருட்படுத்தவில்லை.

"மெஷினு அதிர அதிர விரல்ல ஓடற நரம்பும் சின்னச் சின்ன ரத்தக்குழாயும் கெட்டுப்போகுது" என்றார். "கெட்டுப்போனது திரும்பி வரும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். மிச்சமிருக்கறதக் காப்பாத்திக்கலாம். மெஷின் பிடிக்கிற நேரத்தக் கொறைக்கணும். நடுவுல நடுவுல கைக்கு ஓய்வு வேணும். அதிர்வு கம்மியா இருக்கிற மெஷினாப் பாத்து வாங்கச் சொல்லுங்க. முக்கியமா, இறுக்கிப் பிடிக்காதீங்க. எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீங்களோ அவ்வளவும் கைக்குள்ளதான் எறங்கும்."

"இறுக்கிப் புடிக்காட்டி அது நம்மளத் தூக்கி அடிக்குமுங்க டாக்டரு" என்றான் மயில்சாமி.

"டம்ளரு நடந்து போகுதுங்களே, அதுக்கு என்னங்க மருந்து?" என்றாள் துளசிமணி.

"அதுக்கு நான் படிக்கலைம்மா" என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மா குனிந்து மாத்திரை டப்பாக்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

மயில்சாமி முதலாளியிடம் பட்டும்படாமல் சொல்லிப் பார்த்தான். தண்டபாணி கெட்டவரில்லை, வேலையாட்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் முதல் ஆளாக வந்து நிற்பவர்தான், ஆனால் தன் காதுக்கு எது வேண்டுமோ அது மட்டும் கேட்கிற காது அவருக்கு. "உன்ற கைராசி வருமாடா எவனுக்காச்சும்? நீ தொட்டாத்தான் பம்பு பம்பாட்ட இருக்குது" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். சந்திலோ விஷயம் தெரிந்ததும் எல்லோருக்கும் முகம் மாறிவிட்டது. நேரத்தைக் குறைத்தால் நடுக்கமும் குறையுமே, அப்புறம் தொட்டில் யார் ஆட்டுவது, மணி யார் அடிப்பது? "டாக்டருங்க அப்புடித்தான் சொல்லுவாங்க, நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்கண்ணா" என்று ராசாமணி தொட்டில் கயிற்றை நீட்டியபடியே ஆறுதல் சொன்னாள்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. அந்தப் பவுண்டரியில் ஆயுத பூஜை என்றால் அது தனித் திருவிழா. மெஷின்களையெல்லாம் பிரித்துத் துடைத்து, தேய்ந்த பேரிங்கை மாற்றி, எண்ணெய் போட்டு, மறுபடி பூட்டி, வரிசையாக வாழையிலையில் படுக்கவைத்து, சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்துப் பூப்போட்டு, பொரியும் கடலையும் படைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். அதன் பிறகு மறுநாள் பூஜை கலைக்கும்வரை ஒரு திருப்புளியைக்கூட யாரும் தொடக்கூடாது. சந்தனம் வைத்த கைதான் அதைக் கலைக்கவும் வேண்டும், அது அந்த இடத்துக்கே உரிய கட்டு. முதலாளியின் அப்பா காலத்தில் ஒரு அவசரக்காரர் அடுத்தவர் வைத்த சந்தனத்தைத் துடைத்துவிட்டு மெஷினை ஓட்டப்போக, அன்றைக்கே உலை பிளந்து உருகிய இரும்பு வாசல்வரை ஓடி வந்ததாம். அதைப் பார்த்தவர்கள் யாருமில்லை, நம்பாதவர்களும் யாருமில்லை. மறுநாள் விஜயதசமியில் கைராசிக்காரன் என்று மயில்சாமிதான் முதல் மெஷினை எடுத்து ஓட்டுவான், அதனால் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் அவன் கை சும்மா இருந்ததாகச் சரித்திரமே இல்லை.

குடும்பத்தோடு வந்து நின்ற கூட்டத்தில் துளசிமணியும் நின்றாள். இலையில் படுத்திருந்த கிரைண்டர்களைப் பார்த்தாள். எண்ணெய் மினுக்கத்தோடு, பொட்டு வைத்துக்கொண்டு, பூவைச் சூடிக்கொண்டு, மகராசனாட்டம் படுத்துக் கிடந்தன. பக்கத்தில் அக்குளுக்குள் கை வைத்துக்கொண்டு நிற்கிற புருஷனைப் பார்த்தாள். அத்தனை பேர் முன்னால் போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து, "கையக் குடுங்க" என்றாள்.

"புள்ள, வேண்டாம், நடுங்கிப்போயிரும்" என்றான் அவன்.

"குடுங்கன்னா."

அவன் கையைப் பிடித்ததுமே அவள் உடம்பு நடுங்க ஆரம்பித்தது, வளையல்கள் பவுண்டரிக் கூரைவரை கேட்கிற மாதிரி குலுங்கின, குங்குமம் வைக்க வைக்கப் பொட்டு பொட்டாக நிற்காமல் கோடாக இழுத்துக்கொண்டு போயிற்று. அவள் விடவில்லை. பத்து விரலுக்கும் சந்தனம் வைத்தாள், பத்து விரலுக்கும் குங்குமம் வைத்தாள், நடுங்குகிற தன் விரலால் அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து விட்டாள், அத்தனை மாதத்துக்குப் பிறகு அவன் கையைப் பிடிக்கிறோம் என்கிற நினைப்பில் அவள் கண் நிறைந்து வழிந்தது. கூட்டம் நெகிழ்ந்துபோய்ப் பார்த்தது. முதலாளிக்கும் மனசு இளகிவிட்டது. "அம்மிணி செஞ்சது நெம்பச் சரி! கைய விடப் பெரிய ஆயுதம் ஏது?" என்று சொல்லி, தன் கையாலேயே அந்தக் கைகளுக்குப் பூப்போட்டு, கற்பூரத் தட்டை மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

மறுநாள் காலையில் சங்கு ஊதிற்று. மயில்சாமி கிளம்பி நின்றான்.

"புள்ள, வந்து கலைச்சு உடு. நேரமாச்சு."

"கலைக்கலீங்க."

"வெளையாடற நேரமா இது? என்ற கைதான் மொதல்ல மெஷினத் தொடோணும்."

"மெஷினுக்கு வருசத்துல ஒரு நாளாச்சும் படுக்க எடங் குடுக்கறீங்க. இந்தக் கைக்கு எப்பங்க குடுப்பீங்க?" என்றாள் துளசிமணி. "நாந்தான் வெச்சேன். நாந்தான் கலைக்கோணும். கலைக்கலீங்க."

அவன் வேட்டியில் துடைத்துக்கொள்ளலாமென்று கையைக் கீழே கொண்டுபோனான். உலை பிளந்த கதை ஞாபகத்துக்கு வந்தது, கையை மேலே தூக்கிக்கொண்டான். கோபம் வந்தது, கதவை அறைய முடியவில்லை, பூஜையில் இருக்கிற கை. அவள் ஒரு மணைப்பலகை போட்டு, அதன்மேல் வாழையிலை போட்டு, "இதுமேல வெய்ங்க" என்றாள். கை வைத்ததும் பலகை நடுங்க ஆரம்பித்தது. கை பூஜையில் இருக்கிறவன் எதையும் எடுத்து உண்ணக்கூடாதென்பதால் அவள்தான் ஊட்டிவிட்டாள், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உண்டான். பெண்டாட்டி பேச்சுக்குக் கட்டுப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று சந்தே பேசுமே என்கிற அவமானத்தில் அவன் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கூலி இல்லாத வீட்டில் சோறு கஞ்சியாயிற்று, கஞ்சி தண்ணியாயிற்று. அவள் அதையும் ஆற்றி ஆற்றி ஊட்டினாள்.

ஆனால் பலகை நாளுக்கு நாள் முன்கூட்டியே அடங்க ஆரம்பித்தது. முதலில் விளக்கு வைக்கும்வரை நடுங்கிற்று, அப்புறம் உச்சிப்பொழுதோடு நின்றது, அப்புறம் ஒரு நாள் அவன் கையை வைத்துவிட்டு எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க, இலைமேல் இருந்த ஒரு பருக்கை இருந்த இடத்திலேயே இருந்தது.

"பலகை நின்னுருச்சு, புள்ள" என்றான் அவன். விஜயதசமிக்குப் பிறகு அவன் வாய் திறந்து பேசிய முதல் பேச்சு அதுதான். சொல்லிவிட்டு அவன் அழுதான், கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லாததால் அவள் துடைத்துவிட்டாள்.

அதற்குள் சந்து முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. மணி அடிக்கவில்லை, மாவு சலிக்க ஆளில்லை, முருங்கை மரமெல்லாம் கம்பளிப்பூச்சி. தண்டபாணியே காரை முனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார், அவர் பின்னால் ராசாமணியும் பூசாரியும் இன்னும் பாதிச் சந்தும் வந்தது.

"அம்மிணி, லோடு ஏத்தறதுக்கு லாரி வந்து நிக்குது. நல்ல புள்ளையாட்டக் கலைச்சு உட்டுரு சாமி."

"மெஷினு சத்தம் சித்தெ மாறுனாக்கூட அன்னைக்கே பிரிச்சுப் பாக்கறீங்க, பேரிங்கு மாத்தறீங்க" என்றாள் துளசிமணி. "இவரு கைக்கு எந்தக் கடையில போயி பேரிங்கு வாங்கறதுங்க மொதலாளி?"

முதலாளி பதில் சொல்லுமுன் ராசாமணி குறுக்கே புகுந்தாள். "அக்கா, கொழந்த தூங்கவே மாட்டீங்குது. உங்க வீம்புல எங்களையும் கொல்றீங்களே!"

"நீ ஆட்டு ராசாமணி. உன்ற கைக்கு என்ன கேடு?" என்ற துளசிமணி அதோடு நிறுத்தவில்லை. "இவருக்குப் பம்பு வேணும், உனக்குத் தொட்டுலு ஆடோணும், பூசாரிக்கு மணி அடிக்கோணும். எனக்கு என்ற ஊட்டுக்காரரு கை வேணும். என்ற தோளுல அவரு கைய வெச்சா நான் நடுங்கக் கூடாது, வெச்சது அவருக்குத் தெரியோணும். இத்தன பேரு கேட்டீங்க, எல்லாத்துக்கும் குடுத்தாரு. நான் இது ஒண்ணுதானே கேக்கறேன்."

புருஷன் கை வேண்டுமென்று ஒருத்தி நட்டநடுச் சந்தில் நின்று கேட்டதை அந்தக் கூட்டம் அதற்குமுன் கேட்டதில்லை. தண்டபாணி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் கூட்டத்தில் அந்தோணியின் மனைவி ஜெசிந்தாவும் நின்றிருந்தாள், காதரின் மனைவி மும்தாஜும் நின்றிருந்தாள், அவர்கள் வீட்டுக்காரர்களும் பிசிறு அறுக்கிறவர்கள்தான், அவர்களும் காலையில் வெளுத்துப்போன விரலைப் பனியனுக்குள் செருகிக்கொண்டு பொத்தான் போடப் பெண்டாட்டியைக் கூப்பிடுகிறவர்கள்தான். மறுநாள் காலையில் அந்தோணியின் பத்து விரலிலும் மாதா கோயிலில் மந்திரித்துக் கொடுத்த எண்ணெய் மினுங்கிற்று. காதரின் இரண்டு கையிலும் மணிக்கட்டுவரை பச்சை மருதாணி அப்பியிருந்தது, எப்போது காயுமென்று கேட்டதற்கு மும்தாஜ் "நான் கழுவறப்பத்தானுங்க காயும்" என்று சொல்லிவிட்டாளாம். பிசிறு அறுக்கிற பகுதியில் மெஷின்கள் மட்டும் படுத்திருந்தன. ஒரு சாமி என்றால் தண்டபாணி ஏதாவது பரிகாரம் செய்து சமாளித்திருப்பார், மூன்று சாமிகளும் சேர்ந்து வந்து நின்றால் அவர்தான் என்ன செய்வார்.

மறுபடி வந்தபோது அவர் தனியாக வந்தார், பலகைக்கு எதிரே சம்மணம்போட்டு உட்கார்ந்தார், என்ன செய்யவேண்டும் என்று மயில்சாமியைக் கேட்டார். மயில்சாமி அன்றைக்குத்தான் தன் வாயால் சொன்னான், அதுவரை பெருமையில் அடைத்துக்கொண்டிருந்த வாய். அச்சுப்பெட்டியை மேலும் கீழும் சரியாகப் பொருத்தி மூடினாலே பாதிப் பிசிறு வராது, வராத பிசிறை யாரும் அறுக்க வேண்டியதில்லை. கனமான மெஷினை மேலே ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டால் கை தாங்கவும் வேண்டாம், இறுக்கவும் வேண்டாம். அதிர்கிற மெஷினை அதிராத மெஷினாக மாற்றவேண்டும், முடியாததைத் தூக்கிப் போடவேண்டும். ஒருவனே நாளெல்லாம் பிடிக்கக்கூடாது, டீ மணி அடித்தால் பிடித்தவன் விட்டுவிட்டுப் பெட்டி அடுக்கப் போகவேண்டும், பெட்டி அடுக்கினவன் வந்து பிடிக்கவேண்டும். குளிர்காலத்தில் கை நனைக்க வெந்நீர் வேண்டும். தண்டபாணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், ஒன்றிரண்டுக்கு முனகிக்கொண்டே ஆட்டினார். துளசிமணி அவர் போனபிறகும் பூஜையை முழுசாகக் கலைக்கவில்லை. தினமும் காலையில் ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்து அனுப்பினாள், சாயங்காலம் அவன் வந்ததும் மறுபடி வைத்தாள், டீ மணிக்குமேல் மெஷினைப் பிடித்தால் சாமி குத்தம் என்று எல்லோரும் நம்பும்படி பார்த்துக்கொண்டாள். டாக்டரம்மா சொல்லிக் கேட்காத ஆட்களெல்லாம் சந்தனத்துக்குக் கேட்டார்கள். இறுக்கிப் பிடித்தே பழகின மயில்சாமிக்கு லேசாகப் பிடிக்கக் கற்றுக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

சந்துக்கு மறதி அதிகம். கொஞ்ச நாள் முணுமுணுத்தது, ராசாமணி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு தொட்டிலை ஆட்டினாள், பூசாரி முனகிக்கொண்டே மணிக்கயிற்றை இழுத்தார், மாடி கட்டுகிறவர் வாடகைக்கு மெஷின் எடுத்தார். தீபாவளி வந்தது, கார்த்திகை வந்தது, ஒரு காலத்தில் டம்ளர் நடந்துபோன சந்து என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பாதது போலவே சந்துக்காரர்களும் நம்பாமல் ஆனார்கள்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இப்போது முழு ஞாயிறும் அவனுக்கு வீடுதான், துளசிமணி தலைக்குக் குளித்துவிட்டு மொட்டைமாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். மயில்சாமி படியேறி வந்து அவள் பின்னால் உட்கார்ந்தான். பிறகு கையை எடுத்து அவள் தோளில் வைத்தான். வைத்துவிட்டு இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வளையல் சும்மா கிடந்தது, கொலுசு சும்மா கிடந்தது, அவள் உடம்பு அவள் உடம்பாகவே இருந்தது.

"தெரியுதுங்களா?" என்றாள் அவள், திரும்பாமல்.

தெரியுது என்று சொல்லிவிட அவனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரல்களை அவள் தோளில் அழுத்திப் பார்த்தான், நகர்த்திப் பார்த்தான், சுவரில் வைத்திருக்கிறோமா மனுஷிமேல் வைத்திருக்கிறோமா என்று அந்த விரல்களுக்குப் புரியவில்லை.

"தெரியல புள்ள" என்றான்.

டாக்டரம்மா முன்னாலேயே சொன்னதுதான், ஆனாலும் அவளுக்கு இத்தனையும் இந்த ஒன்றுக்காகத்தானே என்று ஒரு கணம் எல்லாவற்றின்மேலும் வெறுப்பு வந்தது. பிறகு திரும்பி உட்கார்ந்து அவன் கையை எடுத்து மடியில் மல்லாத்திப் போட்டு, விரல்நுனியிலிருந்து மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தாள். "இங்க?" என்றாள், அவன் தலையாட்டவில்லை. "இங்க?" என்றாள், உள்ளங்கையில். அவன் உதட்டைப் பிதுக்கினான். மணிக்கட்டைத் தாண்டி, முன்கையின் உட்பக்கம், வெயில் படாத மெல்லிய தோலில் அவள் விரல் ஏறியபோது அவன் முகம் மாறியது.

"இங்க… உன்ற வெரலு ஜில்லுனு இருக்குது" என்றான்.

அவள் அந்த முன்கையை அப்படியே தூக்கித் தன் கழுத்தோடு, காதுக்குக் கீழே, சேர்த்து வைத்துக்கொண்டாள். ஒரு நொடிதான். அவன் பதறிக் கையை உருவினான்.

"ஐயோ, நடுங்குது புள்ள! படக்கு படக்குன்னு நடுங்குது! மறுக்கா வந்துருச்சு!"

துளசிமணி சிரித்தாள், அழுதுகொண்டே சிரித்தாள், உருவின கையை எட்டிப் பிடித்துப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அது உங்களுது இல்லீங்க மாமா" என்றாள். "என்ற நாடிங்க."

அவன் கையை எடுக்கவில்லை.